அரண்மனைச் சுண்ணாம்பு

மே மாத விடுமுறைக்குத் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஊருக்குப் போகும் திருநெல்வேலிக் குடும்பங்கள் பல, பிள்ளைகளுக்குக் காட்டவென்று மதுரையில் ஒருநாள் இறங்கிக்கொள்வதுண்டு. முதலில் மீனாட்சியம்மன் கோயில், பிறகு திருமலை நாயக்கர் மகால். மகாலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான், தூணைத் தொட்டுப் பார்ப்பார்கள். மூன்று பேர் கைகோத்தால்தான் ஒரு தூணைச் சுற்றி வளைக்க முடியும். அப்படி 248 தூண்கள். “எவ்வளவு பளிங்கு!” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அங்கே பளிங்கு கிடையாது. உள்ளே கருங்கல்லும் செங்கல்லும்; கைக்குத் தட்டுப்படுவது சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிற அதே பொருள்.

ஜெர்மனியின் தெற்கே, பவேரிய மலையடிவாரத்தில், நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற கோட்டை அரண்மனை இருக்கிறது. காலண்டர்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் எல்லாரும் பார்த்த படம்தான் அது. இரண்டாம் லுட்விக் என்ற அரசர் 1869இல் கட்டத் தொடங்கி, 1886இல் அவர் இறந்தபோதும் முடியாமல் இருந்தது. அதன் சிம்மாசன மண்டபத்தில் செந்நிறத் தூண்கள் ஒரு வரிசை, நீலத் தூண்கள் ஒரு வரிசை. சிவப்பு எகிப்தியப் பாறை மாதிரி இருக்கும், நீலம் லாபிஸ் லாசுலி கல் மாதிரி இருக்கும். இரண்டும் சாந்துப் பூச்சு. மண்டபத்தின் எடையைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் எஃகு.

அரண்மனை என்றதும் தங்கம், தேக்கு, பளிங்கு என்று நாம் பட்டியல் போடுகிறோம். பொருளை வைத்து மதிப்பிட்டால் மதுரையும் பவேரியாவும் ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜாக்கள் உண்மையில் வாங்கியது ஆட்களின் நேரத்தை. மலிவான மண்ணையும் சிப்பியையும் எடுத்து, அவசரமே இல்லாமல் வேலை செய்ய விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டடங்களில் பார்க்கக் கிடைப்பது. அதற்குள் நல்ல வேதியியலும் இருக்கிறது.

மகால் எழுந்தது 1636 வாக்கில். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அதே 1636இல் ஜெர்மனி எரிந்துகொண்டிருந்தது. 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் ஊர் ஊராகச் சூறையாடி, 1648இல்தான் ஓய்ந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் பெரிய ஜெர்மன் அரண்மனைகளில் பெரும்பாலானவை அந்தச் சாம்பலுக்குப் பிறகு, ஐம்பது முதல் நூறு வருடம் கழித்து எழுந்தவை. ட்ரெஸ்டனின் ஸ்விங்கர், பெர்லினை அடுத்த போட்ஸ்டாமின் சான்சூசி, வ்யூர்ட்ஸ்பர்க் ரெசிடென்ஸ் எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு.

ஏன் அந்த நாட்டில் இத்தனை அரண்மனைகள்? ‘ஜெர்மனி’ என்று ஒரே நாடு அப்போது கிடையாது. 1806 வரை அது 300க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆட்சிகளின் தொகுப்பு. பேரரசர் மேலே ஒருவர், கீழே மன்னர், கோமகன், ஆட்சி நடத்தும் பிஷப் என்று ஆளுக்கொரு தலைநகரம். பக்கத்து ஆள் பூங்கா வைத்தால் நாம் பூங்காவும் நீரூற்றும் வைக்க வேண்டும் என்ற போட்டி. நம் பக்கத்திலும் இதே கதைதான். விஜயநகரம் தளர்ந்ததும் மதுரை, தஞ்சாவூர், செஞ்சி என நாயக்கர்கள் தனித்தனியே கொலு வைத்தார்கள். மதுரையின் கீழ் மட்டும் 72 பாளையங்கள். அதிகாரம் உடைந்து கிடக்கும் காலத்தில்தான் கொத்தனாருக்கு நிறைய வேலை.

இனி சுண்ணாம்புக்கு வருவோம். நான் இதை எழுதும் சுனாபட்டி, பழைய பம்பாயில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் அந்தப் பெயரைப் பெற்ற இடம். இன்று காளவாய் எதுவும் இல்லை, ஹார்பர் லைன் ஸ்டேஷனும் சால்களும் கட்டடங்களும்தான். ஆனால் காளவாயில் நடப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான். சிப்பியோ கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, அடிப்படையில் கால்சியம் கார்பனேட். கரியும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காகக் கொட்டி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால், அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்று காற்றில் போய்விடும். 100 கிலோ சுத்தமான கிளிஞ்சல் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயு. இந்த 44 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது திரும்பி வரும்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். அடுப்பே இல்லாமல் குழி ஆவி கக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளை விரட்டிவிடுவார்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். இதுதான் நீற்றுவது. கட்டி உடைந்து, பருத்து, வெண்ணெய்ப் பதத்தில் நீறும். அது ஓரிரு நாளில் முடிகிற வேலை போலத் தெரியும், முடியாது. காளவாயில் அதிகமாகச் சுட்டுப்போன துகள்கள் மிக மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். அவை நீறாமலே சுவருக்குப் போய்விட்டால், பூசி முடித்துப் பல வாரம் கழித்து உள்ளேயே பருத்து, வழவழப்பான சுவரில் அம்மை வடு மாதிரிக் குழிகளைக் கிளப்பும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கு அடியிலேயே கிடத்தி வைத்தார்கள். மூன்று வருடம் ஊறாத சுண்ணாம்பைக் கட்டட ஒப்பந்தக்காரர் தொடக்கூடாது என்று பழைய ரோமானியச் சட்டம் இருந்ததாக பிளினி எழுதிவைத்திருக்கிறார். சட்டம் போட்டுத்தான் ஒப்பந்தக்காரரைக் காத்திருக்க வைக்க முடியும் என்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின் அது காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீர் வெளியேறும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது. காளவாயில் கழன்று போன அதே வாயு. அது சேர்ந்ததும் மறுபடி கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலாக இருந்தது, சுட்டு, நீற்றி, பூசப்பட்டு, மறுபடி கல்லாகிறது. இடையில் நாம் செய்ததெல்லாம் அதற்கு வேண்டிய வடிவத்தைக் கொடுத்தது மட்டும்.

இந்த வாயு காற்றில் எவ்வளவு இருக்கிறது? இன்றைக்கு 0.04 சதவீதத்துக்குச் சற்று மேல், திருமலை நாயக்கர் காலத்தில் இன்னும் குறைவு. பத்தாயிரம் மூலக்கூறுக்கு மூன்று நான்கு. ஆகவே சுண்ணாம்பு கல்லாவது நத்தை வேகம்தான். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்பது தோராயக் கணக்கு; மேல்பரப்பு இறுகியபின் உள்ளே வாயு நுழைவது கடினம் என்பதால் வேகம் இன்னும் குறையும். அதோடு ஈரமும் வேண்டும். ஒரேயடியாகக் காய்ந்துபோனால் வேதிவினை நின்று, தொட்டால் மாவாக உதிரும் பூச்சுதான் மிஞ்சும். பங்குனி வெயிலில் பூசிவிட்டு ஈரச் சாக்குப் போர்த்தாமல் போனால் வேலை கெட்டது. தடித்த சுவர்களின் நடுவில் நூற்றாண்டுகள் கழிந்தும் கல்லாகாத சுண்ணாம்பு இருப்பதுண்டு.

இந்தப் பொறுமையின்மேல்தான் மகாலின் தோல் நிற்கிறது. அடிப்பூச்சு கரடுமுரடானது, மணல் அதிகம். அடுத்த பூச்சில் மணல் நைசாகும், சுண்ணாம்பு கூடும். கடைசிப் பூச்சு தாளளவு தடிமன், கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்தது. கட்டுமானச் சாந்துக்குச் சுக்கான் கல் சுண்ணாம்பு போதும், அதில் களிமண் கலந்திருப்பதால் தண்ணீரிலும் ஓரளவு இறுகும். ஆனால் பழுப்பாக இருக்கும். வெண்மைக்கும் மினுமினுப்புக்கும் கிளிஞ்சல்தான். ஈரம் முழுதும் போகுமுன் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க நுண்துளைகள் அடைபட்டு, துகள்கள் நெருங்கிப் படுத்து, ஒளி சிதறாமல் திரும்பத் தொடங்கும். மினுக்கம் என்பது மேல்பரப்பு எவ்வளவு சமமாக இருக்கிறது என்ற விஷயம். அது பளிங்கா சுண்ணாம்பா என்று ஒளிக்குக் கவலையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் வந்து இறங்கிய ஐரோப்பியர்கள், கரையோரம் பளிங்கு மாளிகைகள் நிற்பதாக மயங்கியது இந்தப் பூச்சைப் பார்த்துத்தான். ‘மெட்ராஸ் சுன்னம்’ என்று அதற்கு ஆங்கிலத்திலேயே பெயர் நிலைத்துவிட்டது.

இதில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் எங்கே வருகின்றன? பாட்டி வைத்தியம் போலச் சொல்லப்படும் சங்கதிகள் இவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. சர்க்கரை கரைந்த தண்ணீரில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரைவிடப் பல மடங்கு கரையும். சாந்து குறைந்த தண்ணீரிலேயே குழைவாகும். தண்ணீர் குறைந்தால் காயும்போது விரிசல் குறையும். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும், தேய்க்க நேரம் கிடைக்கும். இரண்டையும் ஊறப்போட்டுப் புளிக்க வைத்தால், புளிப்பில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். வெளியிலிருந்து நத்தையாக நுழையும் வாயு உள்ளிருந்தே கொஞ்சம் கிடைக்கிறது. முட்டை வெள்ளையின் புரதம் மேல்பூச்சின் துகள்களைப் பிணைத்து, தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் முகம் தெரியும் கறுப்புத் தரை இருக்கிறதே, அதில் சுண்ணாம்போடும் முட்டை வெள்ளையோடும் சிரட்டைக் கரியும் சேர்ந்திருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரும் இதே குடும்பம். அந்த வீட்டுக்காரர்களிடம் இத்தாலியப் பளிங்கு வாங்கும் காசு இருந்தது, வாங்கியும் போட்டார்கள்; ஆனாலும் சுவருக்கு முட்டைப் பூச்சுதான் கேட்டார்கள்.

ஜெர்மனியில் இந்த இடத்தைப் பிடித்தது ஜிப்சம். ஜிப்சத்தை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் போதும், தன்னுள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கை விட்டுவிடும். மறுபடி தண்ணீர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும். சுண்ணாம்பு மாதக்கணக்கில் செய்வதை ஜிப்சம் டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும். அந்த வேகமே கைவினைஞருக்குத் தொல்லை. எனவே விலங்குப் பசை கரைத்த தண்ணீரில் பிசைந்து, இறுகுவதை மணிக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். வெவ்வேறு நிறமூட்டிய உருண்டைகளைப் பரோட்டா மாவு போல உருட்டி மடித்து அடித்து, குறுக்கே வெட்டினால் பளிங்கின் நரம்புகள் தெரியும். அந்த வில்லைகளைத் தூணில் ஒட்டி, கல்லால் தேய்த்து, ஓட்டைகளை அடைத்து, மறுபடி தேய்த்து, கடைசியில் எண்ணெயோ மெழுகோ தடவினால் பளிங்கு. இந்த வேலைக்கு உண்மைப் பளிங்கைவிடக் கூடுதல் கூலி ஆவதும் உண்டு. ஆனால் நொய்ஷ்வான்ஸ்டைனில் நிற்கும் அவ்வளவு பெரிய நீலத் தூணை எந்தச் சுரங்கமும் தராது, ஆகவே போலிதான் வழி. அசலா நகலா என்று அறிய ஓர் எளிய வழி உள்ளங்கை. உண்மைப் பளிங்கு கையின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக் குளிர்ச்சியாக இருக்கும், சாந்துப் பளிங்கு அவ்வளவு குளிராது.

ஜிப்சம் தண்ணீரில் மெல்லக் கரையும். அதனால் அது கூரைக்குக் கீழே மட்டுமே செல்லும். மும்பை மாதிரி ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊரில் வெளிச்சுவருக்கு ஜிப்சம் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்காது. மதுரையில் முற்றம் திறந்த முற்றம், வளைவுகள் வெயிலிலும் மழையிலும் நிற்பவை, அங்கே சுண்ணாம்புக்கு மாற்று கிடையாது.

பூச்சைத் தாண்டி எலும்புக்குப் போனால் இன்னும் சுவையான விஷயம் வருகிறது. மகாலின் சொர்க்க விலாசம் என்ற மண்டபத்தில் தலைக்கு மேலே நிற்கும் வளைவுகளும் குவிமாடமும் செங்கல்லும் சாந்தும் மட்டுமே. உத்தரம் இல்லை, இரும்பு இல்லை. செங்கல்லை நசுக்கினால் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். எனவே கட்டடத்தின் எந்த மூலையிலும் இழுவிசை வராமல் எடை முழுவதும் அமுக்கமாகவே தரைக்கு இறங்க வேண்டும். வளைவின் வடிவம் அதற்குத்தான். தொங்கும் சங்கிலியின் வளைவைத் தலைகீழாக்கினால் சரியான வளைவு கிடைக்கும் என்று இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் வெளியிட்டது 1675இல், மகால் எழுந்து ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து. மதுரைக் கொத்தனார்கள் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. கை அளவும் கயிறும் தலைமுறை தலைமுறையாக விழுந்தவற்றின் நினைவும்தான் அவர்களுடைய சூத்திரம். ஓர் இத்தாலியர் வரைந்து கொடுத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எல்லா நல்ல கட்டடத்துக்கும் ஓர் இத்தாலியரைக் கண்டுபிடிப்பது நம் வழிகாட்டிகளின் பழக்கம்.

வளைவு கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். தூண்கள் அவ்வளவு பருமனாக இருப்பதற்கு அரச மிடுக்கு ஒரு காரணம், அந்தத் தள்ளுதல் இன்னொரு காரணம். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. அடித்தளம் சற்று இறங்கினால் கட்டடம் முறியாமல் சாந்தில் மயிரிழை விரிசல்களாக விட்டுக்கொடுக்கும். பிறகு மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு அந்த விரிசலில் நுழைந்து, அங்கேயே படியவிட்டு அடைத்துவிடும். சின்னக் காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும் சாந்து இது.

இதே சவாலை வ்யூர்ட்ஸ்பர்க்கில் எடுத்தவர் பால்தசார் நொய்மான். பீரங்கியும் கோயில் மணியும் வார்க்கும் தொழில் கற்று வந்தவர். அங்கே ஆண்ட பிஷப்புகளுக்காக 1720இல் தொடங்கிய ரெசிடென்ஸின் படிக்கட்டு மண்டபத்தின் மேல் ஏறத்தாழ 19 மீட்டர் அகலமும் 32 மீட்டர் நீளமும் கொண்ட கல் கூரையை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் வளைத்துவிட்டார். எடை குறைய வேண்டும் என்று துளைகள் நிறைந்த இலேசான கல்லைத் தேர்ந்தெடுத்தார். இது விழுந்துவிடும் என்று வியன்னா கட்டடக் கலைஞர் ஒருவர் கேலி செய்ததாகவும், கீழே பீரங்கி வெடித்துப் பாருங்கள் என்று நொய்மான் பதில் சொன்னதாகவும் கதை உண்டு. கதை எப்படியோ, 1945 மார்ச் 16 இரவு சோதனை நடந்தேவிட்டது. பிரிட்டிஷ் விமானங்கள் இருபது நிமிடத்துக்குள் அந்த ஊரின் பழைய நகரைத் தீக்கிரையாக்கின. அரண்மனையின் மரக்கூரை எரிந்து, தீப்பிடித்த உத்தரங்கள் வளைவின் மேல் விழுந்தன. வளைவு நின்றது.

வளைவோடு சேர்ந்து அதன் அடிப்புறத்து ஓவியமும் தப்பியது. வெனிஸிலிருந்து வந்த டியப்போலோ 1752, 53ஆம் ஆண்டுகளில் தீட்டியது அது, 600 சதுர மீட்டருக்கு மேல். நான்கு கண்டங்களை வரைந்திருக்கிறார், ஆசியா யானைமேல் வருகிறாள். இந்த ஓவியமும் சுண்ணாம்பு வேதியியல்தான். ஈரம் காயாத பூச்சின்மேல் வெறும் தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டினால், பூச்சு கல்லாகும்போது மேலே படரும் கார்பனேட் படிகங்கள் நிறத் துகளைத் தமக்குள் பூட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை, நிறம் சுவரின் பகுதியாகிவிடுகிறது. ஒருநாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் அன்று காலை பூச முடியும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் சுற்றறையில் சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டபோது, சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் பூச்சைப் பகுத்துப் பார்த்து, அதுவும் ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய முறை என்ற முடிவுக்கு வந்தார். வ்யூர்ட்ஸ்பர்க்குக்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பு.

டியப்போலோவின் ஓவியத்தில் ஐரோப்பாவின் பக்கத்தில் நொய்மான் சீருடையில் பீரங்கிமேல் சாய்ந்திருக்கிறார். அரண்மனையின் சாந்துச் சிற்பங்களைச் செய்த அந்தோனியோ போசியும் அங்கே இருக்கிறார். பூச்சு வேலைக்காரருக்குக் கூரையில் இடம். மதுரையில் அந்த வளைவுகளின் விளிம்பெல்லாம் யாளியும் இலைக்கொடியும் இழைத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

தீ விஷயத்தில் சென்னைக்கும் ஒரு பாடம் கிடைத்தது. சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனைப் பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. அங்கே கூரை மெட்ராஸ் டெரஸ் முறை. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்திருப்பார்கள். மரம் எரிந்ததும் மேலே இருந்த எல்லாம் கீழே வந்துவிட்டது. சொர்க்க விலாசமும் வ்யூர்ட்ஸ்பர்க்கும் எரியும் பொருளை நம்பி நிற்கவில்லை. பிறகு கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்தாலேயே மீட்டுக் கட்டியது. அதற்குப் பல வருடம் பிடித்தது.

மகாலுக்கு நேர்ந்தது தீ அல்ல, பேரன். திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பாட்டனாரின் அரண்மனையைப் பிரித்து எடுத்துப் போனார். இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையின் நாலில் ஒரு பங்கு என்பார்கள். எது போனது, எது மிஞ்சியது என்று யோசித்தால் இங்கேயும் சுண்ணாம்பு தலைகாட்டுகிறது. மரத்தைக் கழற்றலாம், கல்தூணை இறக்கி வண்டியில் ஏற்றலாம். ஆனால் செங்கல் வளைவைப் பிரித்தால் கையில் வருவது இடிபாடு மட்டுமே. பூச்சையோ சுரண்டினால் தூசி. குவிமாடம் தப்பியதற்கு அதைத் தூக்கிப் போக முடியாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

மிஞ்சியதும் விழுகிற நிலைக்கு வந்தபின், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க உத்தரவிட்டார். வேலையை நடத்தியவர் ராபர்ட் சிஷோம். அவர் பின்னாளில் பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையைக் கட்டி முடித்தவர். குஜராத் பக்கம் போகிற மும்பைக்காரர்களுக்கு அது தெரிந்த கட்டடம்தான். அந்தக் காலத்தில் பம்பாயிலும் கட்டடக்காரர்களின் கையில் இருந்தது சுண்ணாம்புச் சாந்துதான். சுனாபட்டியில் ஹார்பர் லைன் வண்டியில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் தலைக்கு மேலே நிற்கும் சிஎஸ்எம்டி, 1878இல் தொடங்கிய கட்டடம், அதன் கற்களைப் பிடித்திருப்பதும் அதே சாந்து.

பிறகு சிமென்ட் வந்தது. இந்தியாவில் அதைச் செய்துபார்த்த முதல் முயற்சி 1904இல் சென்னையில், அதுவும் கிளிஞ்சலிலிருந்து, எடுபடவில்லை. 1914இல் போர்பந்தரில் எடுபட்டது. சிமென்ட்டுக்குக் காற்று வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம், மறுநாள் பலகையைக் கழற்றலாம். இரண்டு தலைமுறைக்குள் சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஓய்ந்தன. புதுக் கட்டடத்துக்கு அது பெரிய வரம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய கட்டடத்தில் சிமென்ட் பூசுவதுதான் வினை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி, நுண்துளைகள் வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். கட்டடம் அசைந்தால் முன்பு சாந்து விட்டுக்கொடுத்தது. இப்போது சாந்து கெட்டி, செங்கல் உடைகிறது. மேலே பார்த்தால் புத்தம் புதுப் பூச்சு, தட்டினால் பொள்ளல் சத்தம். கடற்காற்றில் உப்பு மிகுந்த மும்பையில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்த பிறகு ஒழுகல் அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெர்லினில் வேறு மாதிரி வழி எடுத்தார்கள். போரில் சிதைந்த அரச மாளிகையை 1950இல் கிழக்கு ஜெர்மனி வெடிவைத்துத் தகர்த்தது. ஒன்றுபட்ட ஜெர்மனி 2013இல் தொடங்கி 2020இல் அதே முகத்தோடு மறுபடி எழுப்பியது. உள்ளே கான்கிரீட், மூன்று பக்கம் செதுக்கிய பழைய பாணி முகப்பு, நாலாவது பக்கம் நவீனம். 600 மில்லியன் யூரோவுக்கு மேல் செலவு. மதுரையில் அப்படி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். இருக்கிற நாலில் ஒரு பங்கைக் காப்பாற்ற வேண்டியது கிளிஞ்சல், கடுக்காய், வெல்லம், கூழாங்கல், அவற்றைக் கையாளத் தெரிந்த சில கொத்தனார்கள். பொருள் எல்லாம் சந்தையில் கிடைக்கிறது. சிக்கல் டெண்டரில் இருக்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடியும், பில் அதற்குள் பாஸாக வேண்டும். நீற்ற வாரக்கணக்கு, பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே காத்திருப்பு, தேய்க்க ஆள்கூலி என்று எழுதினால் குறைந்த விலைக்காரர் வேலையைத் தட்டிக்கொண்டு போவார். பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களில் சுண்ணாம்பு எத்தனை மாதம் ஊறியது என்று ஒரு பத்தி சேர்த்து, அதைத் தொட்டியில் கைவிட்டுப் பார்த்துச் சான்று தர ஒரு பொறியாளரை வைத்தால் போதும். பழைய ரோமில் செய்ததுதான், செலவும் அதிகமில்லை.